அம்மா வெள்ளை கட்டாத காலம்

சயாமில் ரயில்பாதை போடப் போன அப்பா இறந்துவிட்ட செய்தி வந்தபோது, அம்மா தன் சிவப்புக் கூறைச் சேலையில் மரவள்ளிக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தாள். மலாயாவில் கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கூலி வேலை எங்களுக்கு. ஜப்பான்காரன் காலத்தில் பால்மர வேலை நின்றுபோய், எல்லோரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர், வீங்கிய கால்களோடு கொல்லை ஓரத்தில் நின்று விஷயத்தைச் சொன்னார். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மரத்தடியில் இருந்த என் தங்கை வீரிட்டாள். உடனே அம்மா எழுந்து நின்று முந்தானையை வீசி ஆட்டினாள். அழுகை நின்றது.

தங்கைக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலோடு வலிப்பு வந்தது. பிழைத்துக்கொண்டாள், பார்வை மட்டும் சரியாகத் திரும்பவில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்றார். ஓடுகிற கோழியைத் திரும்பிப் பார்ப்பவள், முகத்துக்கு நேரே நீட்டிய கிண்ணத்தைப் பார்க்கமாட்டாள். நடிக்கிறாள் என்றார்கள் சிலர். அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்றார்கள் வேறு சிலர். ஜப்பான்காரன் அப்பாவைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோன பிறகு, பிள்ளையைப் பற்றிப் பேச அம்மாவுக்கு ஆளே இல்லாமல் போனது.

ஒருநாள் கொடியில் காயப்போட்டிருந்த கூறைச் சேலை காற்றில் ஆடியது. தங்கை கையை நீட்டியபடி அதை நோக்கித் தவழ்ந்து போனாள். அம்மா அதை உருவி உடுத்திக்கொண்டு, அவளெதிரே மெல்ல அசைந்தபடி நின்றாள். தங்கை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அவளுடைய அம்மா யார் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ. அதிலிருந்து வீட்டிலும் கொல்லையிலும் அம்மாவுக்கு அந்தச் சேலைதான். புருஷன் சயாமில் கிடக்கிறான், இவளுக்குக் கல்யாணச் சேலை கேட்கிறது என்று லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொண்டார்கள்.

செய்தி வந்த மறுநாள் கங்காணியின் மனைவி பெண்களோடு வந்தார். கட்டத் துணி கிடைக்காமல் ஜனங்கள் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்த காலம். அவர் தன் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து வந்திருந்தார். நல்ல மனசோடுதான் நீட்டினார். அம்மா குங்குமத்தை அழித்தாள், வளையலைக் கழற்றினாள். சேலையை மட்டும் வாங்கவில்லை.

“வெள்ள கட்டுனா, நான் பக்கத்துல நின்னாலும் எம்புள்ள என்னைத் தேடும் அக்கா,” என்றாள்.

லயத்துச் சுவரெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. அதன் முன்னால் வெள்ளை கட்டி நிற்பவளைத் தங்கையால் பிரித்தறிய முடியாது. அதை எப்படி விளக்குவதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. பெண்கள் எழுந்து போனார்கள். அதன்பின் எங்கள் வீட்டு வாசலில் யாரும் உட்காரவில்லை. அம்மா தண்ணீருக்குப் போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். சத்தமாக அழுதால் பிள்ளை பயந்துகொள்ளும் என்று, அப்பாவுக்காக அவள் வாய்விட்டு அழவும் இல்லை.

பல வருடங்கள் கழித்து, தங்கையைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். அங்கே ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். கண் நன்றாகத்தான் இருக்கிறது, கண் காட்டுவதை மூளைதான் சரியாக வாங்கிக்கொள்வதில்லை, அசைவதும் பளிச்சென்ற நிறமும் சிலருக்கு எளிதில் படும் என்றார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“இத அப்பவே யாராச்சும் வந்து சொல்லியிருந்தா, ரெண்டு பேராவது எங்கூட உக்காந்து அழுதிருப்பாங்கல்ல,” என்றாள்.