கறி வேர்க்கும் நேரம்

அல்பினா கிரெனெக்குக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். பாதி ஆயுளைப் பள்ளிப் பேருந்து ஓட்டியே கழித்தவள். கடைசி வரிசையில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகள்கூட அவள் குரல் தணிந்தால் அடங்கிவிடுவார்கள்.

அப்பா இறந்த வாரமே, அவர் தன் கையால் வெல்டிங் வைத்துச் செய்த, கறியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் பெரிய புகையடுப்பைத் தம்பி டெல்மர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அப்பா பக்கத்தில் நின்று விறகு போட்டுப் பழகியவள் அல்பினாதான். ஆனால் லவாகா கவுண்டி வட்டாரத்தில் குடியேறிய செக் நாட்டுக் குடும்பங்களில் அடுப்பு ஆண்பிள்ளைக்கு, உருளைக்கிழங்கு சாலட் பெண்பிள்ளைக்கு. யாரும் வாய்விட்டுச் சொன்ன சட்டமில்லை. அதனாலேயே அதை எதிர்த்துப் பேச வழியுமில்லை. அல்பினா பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைப் பிளந்து, பக்கத்தில் விறகுப்பெட்டி பொருத்தி, கொல்லையில் தனக்கென்று ஓர் அடுப்பு செய்துகொண்டாள்.

இந்த வருடக் குடும்பக் கூடலுக்குக் கறி தன் பொறுப்பு என்று அவள் சொன்னபோது டெல்மர் எதிர்க்கவில்லை, சிரித்தான். அதுவும் அவள் எடுத்தது எல்லாரும் மதிக்கும் மாட்டு நெஞ்சுக்கறி இல்லை. கடைக்காரர்கள் ஹாம்பர்கருக்கு அரைத்துத் தள்ளும் தோள்கறி, விலை மலிந்த பெரிய கட்டி.

"அரைச்சுப் போடுற கறியையா விருந்துக்கு வைக்கப் போற? சரி, செஞ்சு பாரு. சொதப்பிட்டா அப்புறம் அடுப்புப் பக்கமே வரக்கூடாது, அக்கா."

"சரி" என்றாள்.

உப்பும் மிளகும் மட்டும் தடவி, விடியுமுன் கறியை ஏற்றினாள். காய்ந்த ஓக் விறகு. மெல்லிய நீலப் புகை. பொழுது ஏறியதும் கறி வேர்க்கத் தொடங்கியது. மேலே ஈரம் பூத்துவிட்டால், அது காயும்வரை, கறியில் செருகிய வெப்பமானியின் முள் மணிக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரிய வேண்டும். தீ சீராக இருந்ததால் அவள் நிம்மதியாக மாதா கோவில் பூசைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கொல்லை முழுக்க வெள்ளைப் புகை. விருந்துக் கூடத்துக்கு மடக்கு மேசைகளை எடுக்க வந்திருந்த டெல்மர், விறகு தள்ளும் கவையோடு நின்றான். கோவில் திருவிழாவில் தணல் மேல் நேராகப் போட்டுச் சுட்டே பழகியவன். முள் நிற்பதைக் கண்டு, வண்டியில் கிடந்த ஈரம் காயாத பச்சைச் சீமைக்கருவேலக் கட்டைகளை உள்ளே திணித்திருந்தான்.

"முள்ளு நகரவே இல்லக்கா. தீ செத்துப்போச்சுன்னு நெனச்சேன். ஒத்தாசைதானே பண்ணேன்?"

அல்பினா மூடியைத் திறந்தாள். கறியின் மேல்புறம் தார் பூசியதுபோல் கறுத்திருந்தது. கிள்ளி வாயில் வைத்தாள். வேப்பங்காய்க் கசப்பு.

"வெளிய போ" என்றாள், அவனுக்கே சரியாகக் கேட்காத குரலில்.

எரியும் கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டு, மண் தள்ளி அணைத்தாள். ஓக்கில் மறுபடி தீ மூட்டினாள். விருந்துக் கூடத்தில் காத்திருந்த சனம் பசியில் முணுமுணுத்தது. டெல்மர், கறிக்குப் பதில் சாசேஜ் சுடட்டுமா என்று ஆளனுப்பினான். அவளோ, முள் தானாக ஏறும்வரை அடுப்பை விட்டு அசையவில்லை.

கடைசியில் கறியைக் கூடத்துக்குக் கொண்டுபோய், எல்லார் கண்முன்னும் மேசையில் வைத்து அந்தக் கறுப்புத் தோலைக் கத்தியால் சீவி எடுத்தாள். தடித்த கட்டி என்பதால் கசப்பு உள்ளே இறங்கவில்லை. கறி சிவந்து, சாறு கசிந்து வந்தது. முதல் வாய்க்குப் பிறகு முணுமுணுப்பு நின்றது. தட்டுகள் இரண்டாம் முறை நீண்டன. சீவிய கருகல் மொத்தத்தையும் அவள் டெல்மரின் தட்டில் கொட்டினாள்.

"என்னக்கா இது?"

"நீ சமைச்சது. மத்ததெல்லாம் நான் சமைச்சது. தின்னு."

அவன் சுற்றிப் பார்த்துச் சிரித்தான். கூடச் சிரிக்க ஆளில்லை. ஒரு துண்டை மென்றான், விழுங்க முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு அவளருகே வந்து தணிந்து சொன்னான்: "அப்பா அடுப்ப வேணும்னா கொண்டாந்து எறக்கிடுறேன்க்கா."

"வேணாம். பச்சைக் கருவேலம் போட்டு அதையும் கசக்க வச்சிருப்ப. நீயே வச்சுக்க." கத்தியைத் துடைத்தாள். "அடுத்த வருஷமும் கறி என்னோடதுதான். நீ கெழங்கு வேக வை."

அடுத்த தட்டு நீண்டது. அவள் குனிந்து வெட்டினாள்.