டுரியானோடு இறங்கியவர்

எழுபதுகளின் கடைசியில், திருச்சியிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெரம்பலூருக்கு அப்பால் பூலாம்பாடிக்குப் போகவேண்டும் என்றார். கப்பல் பயணத்தில் வெள்ளைச் சட்டை அழுக்கேறியிருந்தது. மடியில் முள் நிறைந்த பலாப்பிஞ்சு போல ஒரு பழம், மலேயாவின் டுரியான். முள் குத்தினாலும் அதை இரு கையாலும் தடவிக்கொண்டே வந்தார்.

பாடாலூர் வருவதற்குள் பழத்தின் நாற்றம் தாங்காமல் எல்லோரும் கத்தத் தொடங்கினார்கள். கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார். "அதத் தூக்கிப் போடுய்யா. இல்லாட்டி நீ எறங்கு."

"எங்கம்மா மலேயாவுல ரப்பர் தோட்டத்துல பொறந்தவங்க. ஊருக்கு வந்தப்பறமும் சாவுற வரைக்கும் இதத்தான் கேட்டாங்க. நாளைக்குப் பதினாறாம் நாள் படையலுங்க," என்றார் அவர். யாரும் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பழத்த விட்டுட்டு நீங்களாவது வாங்க. பூலாம்பாடி வரைக்கும் எப்படி நடப்பீங்க?" என்றேன்.

"உசுரோட இருந்தப்ப ஒரு சுளைகூடக் கொண்டாந்து குடுக்கலீங்க. இப்பவும் வெறுங்கையோட போவச் சொல்றீங்களா?"

இறங்கி, பழத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டோரமாக நடந்தார். பஸ் நகர்ந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். படையலுக்குள் அவர் போய்ச் சேர்ந்தாரா என்பதைவிட, அந்த வீட்டிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை வெளியே வைக்கச் சொல்லியிருப்பார்களோ என்பதுதான் இன்றும் என் மனதை அறுக்கிறது.