எறிவதற்குக் கேட்ட கமுகு

சாரணர் முகாமில் ஸ்காட்லாந்து விளையாட்டுகளை நடத்தும் பொறுப்பைப் பள்ளியில் என்னிடம் தந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான், எதுவும் பிசகக்கூடாது. நீளமான மரத்தைத் தூக்கி எறியும் போட்டிக்காக, முகாம் நடக்கவிருந்த இலஞ்சித் தோப்பின் காவல்காரரிடம் வெட்டிய கமுகு ஒன்று கேட்டிருந்தேன். ஒல்லியான மனிதர். எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்.

முகாம் நாளான சனிக்கிழமை மற்றச் சாமான்களுக்காக அலைந்து களைத்துத் தோப்புக்குப் போனால், கமுகு ஆழமாக நடப்பட்டு, எண்ணெய் வழிய நின்றது.

"அண்ணாச்சி, தூக்கி எறியல்லா கேட்டேன்?"

"எறிஞ்சு என்னத்துக்கு டீச்சர்? வழுக்குமரம்னா பிள்ளைகளு ஏறி விளையாடும்லா."

பிடுங்கச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பிள்ளைகள் ஏறி ஏறிச் சறுக்கினார்கள். பார்வையிட வந்த அதிகாரி, "இது ஸ்காட்லாந்து விளையாட்டா?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் காவல்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். நான் கேட்டது அவருக்குப் புரியவில்லையா, பிடிக்கவில்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.