ஒரு டிஸ்க்கா, இரண்டு டிஸ்க்கா?

கம்ப்யூட்டர் கடை வைத்தவனுக்குப் பாதி நேரம் ரிப்பேர், மீதி நேரம் குடும்பப் பஞ்சாயத்து. ‘சி டிரைவ் நிறைஞ்சு போச்சு, டி டிரைவ் காலியாக் கிடக்கு, ஆனா இடமில்லைங்குது’ என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களே, நீங்களும் நானும் ஒரே ஜாதி.

நான் எட்டாவதோடு நின்றவன். ஸ்வெட்டர் ஃபாக்டரியில் பின்னல் மெஷின் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து மொரீஷியஸ் வந்தேன். மெஷினுக்குள் கம்ப்யூட்டர் புகுந்ததும் அதையும் திறந்து மூடிப் பழகி, தொண்ணூறுகளில் காத்ர் போர்ன் மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடை போட்டேன். இங்கே பேச்சு கிரியோல். காதில் விழுந்ததைத் தமிழில் தருகிறேன். மாமாவுக்கு இங்கே ‘தொன்தொன்’ என்பார்கள். நான் ஊருக்கே தொன்தொன்.

பாகப் பிரிவினை

மாலினி ஃபாக்டரியில் ஸ்வெட்டர் டிசைன் வரைந்தவள். வேலையை உதறிவிட்டு, வீட்டில் கம்ப்யூட்டரில் வரைந்து சொந்தமாக விற்பது என்று முடிவு கட்டியிருந்தாள். புருஷன் குமாரன் ஹோட்டல் வாசலில் டாக்சி ஓட்டுகிறவன். கம்ப்யூட்டர் வாங்க இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள்.

“ரெண்டு சின்ன டிஸ்க்காப் போட்டுக்குங்க. ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு நிக்கும்” என்றேன். குமாரன் கேட்கவில்லை. பெரிய டிஸ்க் ஒன்று போதும். அதை நடுவில் பிரித்து, சி அவன் கேமுக்கு, டி அவள் படங்களுக்கு. “அது ஒரே வீட்டுக்குள்ள வைக்கிற தடுப்புச் சுவருப்பா” என்று சொல்லிப் பார்த்தேன். அவன் சிரித்தான்: “தொன்தொன், எங்க வீட்டுல அண்ணன் தம்பி மூணு பேரும் ஒரே கூரைக்குக் கீழதான் இருக்கோம். யாராவது செத்தா போயிட்டாங்க?”

எல்லைத் தகராறு

கொஞ்ச நாளில் குமாரனே வீட்டுக்குக் கூப்பிட்டான். சி நிரம்பி வழிகிறதாம். டியில் கொஞ்சம் வெட்டிச் சியில் சேர்க்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்த வழியில், எல்லையை நகர்த்தினால் இரண்டு பக்கமும் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்றேன்.

மாலினி அப்போது ஒரு பிரெஞ்சு வியாபாரிக்காக வரைந்துகொண்டிருந்தாள். அவன் தீவுக்கு வரும்போது டிசைன் பிடித்துவிட்டால் முதல் ஆர்டர். பிடிக்காவிட்டால் பழைய ஃபாக்டரி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். நான் கீபோர்டில் கை வைப்பதற்குள் கம்ப்யூட்டருக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: “மேல்மாடி உங்க அண்ணனுக்கு, கீழ்வீடு உங்க தம்பிக்கு, முன்வாசல் உங்க டாக்சிக்கு. இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கிறது இந்த டி மட்டும்தான். யாரும் தொடக்கூடாது!”

வாத்தியாரின் இரட்டைக் காவல்

தமிழ்நாட்டிலிருந்து வந்து சென்ட்ர் டி ஃப்ளாக் என்ற ஊரில் தமிழ் சொல்லிக்கொடுத்தார் ஒரு வாத்தியார். இங்கே பலருக்குத் தமிழ் எழுத்து ஓடாது, பக்தி மட்டும் உண்டு. அதனால் காவடிப் பாட்டையெல்லாம் பிரெஞ்சு எழுத்தில் டைப் செய்துவைத்தார். சாயங்காலம் விளக்கேற்றியதும் சியில் உள்ளதை டிக்கு ஒரு பிரதி எடுப்பார். ஒரு நாளும் தவறியதில்லை.

ஒரே டிஸ்க்கின் சியும் டியும். டிஸ்க் செத்ததும் இரண்டும் சேர்ந்தே போயின. என்னால் ஒரு வரியைக்கூட மீட்க முடியவில்லை. வாத்தியார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சொன்னார்: “முருகன் முதல் பாட்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்றான். இந்தத் தடவை ரெண்டு டிஸ்க் கொடுங்கய்யா.”

முதலாளியும் அடிமையும்

இந்தக் கதையை மாலினியிடம் சொன்னேன். மறுநாளே தனியாக வந்து, தனக்கென்று ஒரு டிஸ்க் வாங்கினாள். படங்களை அதற்கு மாற்றி, பழையதை முழுக்கக் குமாரனுக்கு விட்டுவிட்டேன். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால், தொழிலில் ஒன்றுக்கு முதலாளி என்று பெயர், மற்றதற்கு அடிமை. அவளுடையது அடிமை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அடிமைகள் கரும்பு வெட்டிய தீவில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சிவந்துவிட்டது. “அட, பேர்தாம்மா அப்படி. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல்ல எழுந்திருக்கிறது முதலாளி. மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான்” என்று சமாளித்தேன். அவள் விடவில்லை: “எங்க வீட்டுல முதல்ல எழுந்திருக்கிறது நான்தான். எவன் என்னை முதலாளின்னு சொன்னான்?”

புயல் எச்சரிக்கை

வியாபாரி வரவேண்டிய வாரத்தில் புயல் எச்சரிக்கை வந்தது. ஊரே ரொட்டிக்கும் மெழுகுவத்திக்கும் சார்டின் மீன் டின்னுக்கும் ஓடியது. மாலினி மட்டும் என் கடைக்கு ஓடிவந்து, தன் டிஸ்க்கை எப்படிக் கழற்றுவது என்று கற்றுக்கொண்டு போனாள்.

அன்று காற்றில் அவர்கள் வீட்டு ஜன்னல் பெயர்ந்து, கம்ப்யூட்டர் பெட்டி முழுக்க மழைத் தண்ணீர். குமாரனின் டிஸ்க் அதோடு சரி. ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி வழிவிட்டதும், இறுக மூடிய பிரஷர் குக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாலினி வந்தாள். பின்னால் குமாரன். குக்கரைத் திறந்தால், பிளாஸ்டிக் பைகளுக்குள் சுற்றியபடி டிஸ்க். என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன.

வியாபாரி ஹோட்டலில் உட்கார்ந்து பார்த்து, முதல் ஆர்டர் கொடுத்தான். நல்ல செய்தி சொல்ல வந்த குமாரன், போகும்போது என் காதோரம் குனிந்தான்: “தொன்தொன், குக்கர்ல எனக்கும் கொஞ்சம் இடம் தரச் சொல்லி அவகிட்ட நீங்க கேளுங்களேன். நான் கேட்டா தரமாட்டா.”

ஒரு டிஸ்க்கா, இரண்டு டிஸ்க்கா என்று யார் கேட்டு வந்தாலும், வீட்டில் குக்கர் எத்தனை என்றுதான் இப்போதெல்லாம் நான் முதலில் விசாரிக்கிறேன்.