ராஜதாஸ் கட்டிய மேல்கம்பி

காரோடு என்ற ஊரில் ராஜதாஸின் பேரைச் சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம்தான் பேச்சு வரும். அண்ணன் வீட்டுக் கம்பியைத் தின்றவன் என்பார்கள். அத்தனை இரும்பைத் தின்றவன் எப்படி இத்தனை மெலிவாக இருக்கிறான் என்று கேட்க அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாய்க்கு ருசியாக ஒரு கதை கிடைத்துவிட்டால் கேள்வி எதற்கு?

அவருக்குக் கம்பி கட்டுகிற வேலை. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை அவர் கட்டிய கம்பி எத்தனையோ மாடிகளுக்குள் கிடக்கிறது. கொத்தனார் பூசிய சுவரை ஊர் பார்க்கும், ஆசாரி செய்த கதவைத் தடவிப் பார்க்கும். கம்பி கட்டியவன் வேலை மட்டும் வார்ப்பு நடந்த அன்றே காங்கிரீட்டுக்குள் மறைந்துபோகும். பிறகு யாராவது அதைப் பார்க்கிறார்கள் என்றால் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அண்ணன் ஞானசிகாமணி அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டியின் செயலாளர். அப்பா மூத்தவரைப் படிக்க வைத்தார், இளையவரை வேலைக்கு அனுப்பினார். அண்ணன் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் ராஜதாஸ் வேண்டும். பந்தல் போட வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும், எச்சில் இலை எடுக்க வேண்டும். போட்டோ எடுக்கும்போது மட்டும் அவரைத் தேட ஆள் இருக்காது. அண்ணன் மகள் கல்யாண ஆல்பத்தில் ராஜதாஸ் ஒரு பக்கத்தில்கூட இல்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் மறந்ததும் இல்லை.

அந்த அண்ணன்தான் மாடி வீடு கட்டினார். முன்பக்கம் ரோட்டைப் பார்த்து ஒரு பால்கனி. தூண் வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று தூணில்லாமல் நீட்டிய பால்கனி. கம்பி கட்டத் தம்பியைக் கூப்பிட்டார். ராஜதாஸ் கோயில் வேலை செய்கிறவனைப்போல அதைக் கட்டினார்.

காங்கிரீட்டுக்கு ஒரு குணம் உண்டு. மேலே எத்தனை பாரம் வைத்து அமுக்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும். இழுத்தால் தாங்காது, விட்டுவிடும். அந்த இழுப்பைத் தாங்கத்தான் கம்பி. தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கிக் கையை நீட்டிப் பிடித்தால் தோளின் மேல்பக்கம் எப்படி வலிக்கிறதோ, அப்படித்தான் தூணில்லாத பால்கனிக்கும். இழுப்பெல்லாம் மேல்பக்கத்தில். அதனால் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். துண்டுக் கம்பியை வளைத்து முட்டுக் கொடுத்து மேல்கம்பியைத் தூக்கி நிறுத்துவார்கள். அதன்மேல் ஆள் ஏறினால் முட்டு சாயும், கம்பி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பிறகு அது இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

மற்றவர் வீடுகளில் வார்ப்பு நாளன்று ராஜதாஸைப் பார்த்தால் போலீஸ்காரர் தோற்றுப்போவார். ஆட்கள் மிதித்து நடக்கக் குறுக்கே பலகை போட்டு வைத்திருப்பார். "எலே, பலகையில சவுட்டு! கம்பியில சவுட்டுனா தள்ளி விட்டுருவேன்" என்று வீட்டுக்காரரைக்கூடக் கத்துவார்.

அண்ணன் வீட்டு வார்ப்பன்று காலையில் சபையார் வந்தார்கள். முதல் சட்டி காங்கிரீட் போடுவதற்கு முன்னால் கட்டிய கம்பிமேல் நின்று ஜெபம் பண்ணுவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். வெள்ளை அங்கியோடு போதகர் ஏறினார், பின்னாலேயே சொந்தபந்தம் எல்லாம் ஏறியது. எதிர்வீட்டு மாடியிலிருந்து போட்டோ எடுக்க வசதி என்று ஞானசிகாமணி எல்லாரையும் பால்கனியின் விளிம்புக்கே கொண்டுபோனார்.

"அண்ணே, அங்கின ஆள் கேறப்பிடாது. மேல்கம்பி தாந்துபோவும்" என்றார் ராஜதாஸ்.

ஞானசிகாமணி திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை, சிரித்தார். "நீயும் வா மக்கா. எனக்க பக்கத்துல நில்லு. இதக் கெட்டினது நீயாக்கும்."

அண்ணன் வாயிலிருந்து மக்கா என்ற சொல் அவருக்காக வந்து எத்தனை வருஷம் ஆயிற்றோ! ராஜதாஸ் போனார். போதகருக்கும் அண்ணனுக்கும் நடுவில், தான் கட்டிய மேல்கம்பிமேல் நின்றார். பாட்டுப் பாடினார்கள். கண்ணை மூடி நெடுநேரம் ஜெபித்தார்கள். காலுக்கடியில் ஒரு முட்டு சாய்ந்ததும், அப்புறம் இன்னொன்று சாய்ந்ததும் அவருக்குத் தெரிந்தது. அண்ணன் கை அவர் தோளில் இருந்தது. இறங்கிய பிறகு தூக்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார்.

இறங்கியதும் அண்ணன் அவர் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துப்போனார். "இண்ணு நீ வேலைக்காரன் இல்ல, எனக்க தம்பியாக்கும்." போதகர் பக்கத்தில் உட்காரவைத்து ஆப்பமும் கோழிக்கறியும் பரிமாறினார்கள். வெளியே காங்கிரீட் மிக்ஸர் ஓடுகிற சத்தம் கேட்டது. எழுந்தவரை, "இரிலே, தின்னுட்டுப் போ" என்று அமுக்கினார்கள். அவர் தின்றுவிட்டு மேலே போனபோது பால்கனி வார்த்து, மட்டம் தட்டி, வழவழவென்று கிடந்தது. அப்போதாவது கத்தியிருக்கலாம். பச்சைக் காங்கிரீட்டை வாரி எறியச் சொல்லியிருக்கலாம். போதகர் ஜெபித்த இடத்தை வாரி எறியச் சொல்லும் தைரியம் வரவில்லை. கோழிக்கறியின் காரம்கூட இன்னும் நாக்கில் இருந்தது.

இரண்டாவது மழைக்காலத்தில் பால்கனி சுவரோடு சேர்கிற இடத்தில், மேல்பக்கம், நீளமாக வெடித்தது. விளிம்பு தொங்க ஆரம்பித்தது. தென்னந்தடியை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். ஞானசிகாமணி தம்பியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் வைத்து, "கெட்டினவன் கம்பியக் களவெடுத்தா பின்ன வெடிக்காம என்ன செய்யும்?" என்றார். ராஜதாஸ் தன் அடுக்களை ஜன்னலுக்குத் துண்டுக் கம்பியில் ஒரு தடுப்பு அழி அடித்திருந்தார். அது எல்லா வேலையிலும் மிச்சமாகும் துண்டு. அது போதுமாக இருந்தது ஊருக்கு. மெல்ல மெல்ல யாரும் வேலைக்குக் கூப்பிடாமல் ஆனார்கள்.

மனைவி சுகிர்தபாய்க்குத் தாங்கவில்லை. "ஒடைச்சுப் பாக்கச் சொல்லுங்க. கம்பி உண்டா இல்லியாண்ணு நாடு காணட்டும்" என்று தினமும் மல்லுக்கு நின்றாள். உடைத்தால் திருட்டுப் பட்டம் போகும் என்று ராஜதாஸுக்கும் தெரியும். உடைத்தால் வேறு என்ன தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை.

கடைசியில் இடித்துத்தான் ஆக வேண்டும் என்றாயிற்று. நெய்யாற்றின்கரையிலிருந்து தீபு என்ற பையன் ஒருவன் உடைக்கும் மிஷினோடு வந்தான். ஊர் பலாமரத்தடியில் கூடியது. மிஷின் துள்ளித் துள்ளித் தெறித்தது, காங்கிரீட் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் கலவையில் ஒரு குறையும் இல்லை. ஒரு மணிநேரம் திட்டித் திட்டி உடைத்தபின் கம்பி தெரிந்தது. ஒவ்வொன்றாக எல்லாக் கம்பியும் தெரிந்தது, பிளானில் இருந்த எண்ணிக்கையில்.

"பாருங்க! எல்லாரும் வந்து பாருங்க!" சுகிர்தபாய் அழுதுகொண்டே கத்தினாள். ராஜதாஸ் ரொம்ப நாளைக்குப் பிறகு தலையை நிமிர்த்தினார்.

தீபு மிஷினை நிறுத்திக் குனிந்து பார்த்தான். "கம்பி எல்லாம் உண்டு. பக்ஷே மேலே வேண்டியது எல்லாம் அடியிலாணு கெடக்குந்நது" என்றான் மலையாளம் கலந்து.

மரத்தடியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஞானசிகாமணி தொண்டையைச் செருமினார். "அப்போ களவு இல்ல. வேல தெரியாது, அவ்வளவுதான்" என்றார். பிறகு எல்லார் முன்னிலையிலும் தம்பியின் தோளில் கை வைத்தார். "போட்டும் மக்கா. எனக்க மனசுல ஒண்ணும் இல்ல." மன்னித்துவிட்டாராம்! திருடனாக வந்தவர் மடையனாகத் திரும்பலாம் என்று தீர்ப்பாயிற்று. முப்பது வருஷ வேலை அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

உள்ளே கூப்பிட்டுச் சாயா கொடுத்தார்கள். முன்னறைச் சுவரில் அந்த ஜெபப் போட்டோவைச் சட்டம் போட்டுப் பெரிதாக மாட்டியிருந்தார்கள். போதகர், ஞானசிகாமணி, நடுவில் கைகூப்பியபடி ராஜதாஸ். சுகிர்தபாய் முகங்களைப் பார்த்தாள். பிறகு கால்களைப் பார்த்தாள். கால்களுக்கடியில் கம்பிகள் வளைந்து தாழ்ந்திருந்தன. அவள் சாயாவைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

"புதுசு வார்க்கும்போளும் இதேபோல ஜெபம் வைக்கணும். வேல தெரிஞ்ச ஆளு வந்து கெட்டுவான். நீயும் வரணும்" என்றார் அண்ணன்.

"தூண் வச்சுக் கெட்டுங்க அண்ணே" என்றார் ராஜதாஸ். அண்ணன் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் சுகிர்தபாய் நின்றாள். "அந்தப் போட்டோவக் காட்டி ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒங்க பேரு நின்னிருக்கும்லா? ஏன் சொல்லல?"

ராஜதாஸ் நடந்துகொண்டே சொன்னார். "சொன்னா அத எறக்கிப் போடுவாவ. அந்த வீட்டுல நான் இருக்கது அந்த ஒரு போட்டோவிலயாக்கும்."