ஒழுங்கை முகப்பில் பன்னிரண்டு நிமிடம்

கைத்தொலைபேசி போன வழியை வைத்துச் சுற்றுலாப் பயணி போன வழியைச் சொல்வதுதான் என் வேலை. ஊரில் இதைச் சொன்னால், "அப்ப நீர் பொலிஸோ?" என்று கேட்கிறார்கள். பொலிஸ் இல்லை, யாழ்ப்பாண நகரில் ஒரு சின்ன ஆய்வு அலுவலகம். செயலிகள் திரட்டுகிற இடவிபரம் பெயரும் எண்ணும் நீக்கப்பட்டு எங்களுக்கு வரும். எந்த நாட்டுத் தொலைபேசி, எங்கே நின்றது, எவ்வளவு நேரம் என்பது மட்டும் வரைபடத்தில் புள்ளிகளாகத் தெரியும். பஸ் எங்கே விடலாம், கழிப்பறை எங்கே கட்டலாம் என்று அதைப் பார்த்துச் சொல்வோம். கணினியை நம்பிச் சபையில் முழித்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

கடலுக்குப் போன சுவிஸ்காரர்

முதல் மாதமே தூக்கிவாரிப் போட்டது. பருத்தித்துறைப் பக்கம் ஒரு சுவிஸ் பயணி தினமும் விடிய முதல் நடுக்கடலுக்குப் போய், எட்டு மணிக்குத் திரும்பி வருகிறார். நல்லூர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் அதிகாரி அறிக்கையில் "ஆழ்கடல் சுற்றுலா" என்று தலைப்பே போட்டுவிட்டார்.

எதற்கும் நேரில் பார்ப்போம் என்று மோட்டார் சைக்கிளில் போனேன். அந்தப் புள்ளி எட்டு மணிக்கு வந்து நிற்கிற கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர் மடியிலிருந்து தொலைபேசியை எடுத்துக் காட்டினார். வெளிநாட்டு உறவு வாங்கி அனுப்பிய தொலைபேசி. அதில் பதிவாகியிருந்த நாட்டை யாரும் மாற்றவில்லை. ஊரில் பாதிப்பேர் கையில் இருப்பது அப்படித்தான் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா! "சித்தி சுவிஸிலையிருந்து அனுப்பினவ, தம்பி. நான் கொழும்பே பாத்ததில்லை, என்னைப் போய்ச் சுற்றுலா எண்டுறியள்!"

மண்டபத்தில் ஒரு பாதை

பிறகு கவனமானோம். விமான நிலையத்தில் தொடங்கும் புள்ளிகளை மட்டுமே பயணிகளாக எடுத்தோம். விடுதிக்காரருக்கும் முச்சக்கரவண்டிக்காரருக்கும் கூட்டம் வைத்தபோது, விளக்கத்துக்கு ஒரு பயணியின் பாதையைத் திரையில் போட்டேன். "பெயர் இல்லை, எண் இல்லை. ஆளை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

போன கிழமை பலாலி விமான நிலையத்தில் இறங்கிய புள்ளி அது. சாவகச்சேரியில் ஒரு வீட்டில் ஒரு மணித்தியாலம். மறுநாள் கோண்டாவிலில் ஒரு வீட்டில் ஒரு மணித்தியாலம். பிறகு பண்டத்தரிப்பில் வீடுகளுக்குப் போகிற ஓர் ஒழுங்கை முகப்பில் பன்னிரண்டு நிமிடம் நின்று திரும்பிவிட்டது. "பயணிகள் கிராமிய வாழ்க்கையை விரும்புகிறார்கள்" என்றேன். பின்வரிசையில் ஒரு முச்சக்கரவண்டிக்காரர் எழும்பினார். "தம்பி, உவர் ஊர் பாக்க வரேல்லை, பொம்பிளை பாக்க வந்தவர். ரெண்டு வீட்டிலை பலகாரம் சாப்பிட்டிட்டார், மூண்டாவதை வெளியிலை நிண்டு விசாரிச்சிருக்கிறார்!"

கணினிக்குப் பக்கத்தில்

மண்டபம் சிரித்து அடங்கவில்லை. நானும் சிரித்தேன். கணினியை இயக்கிக்கொண்டிருந்த வாசுகி மட்டும் சிரிக்கவில்லை. என்னோடு வேலை செய்கிற பிள்ளை, பண்டத்தரிப்புக்காரி. சுவிஸ் மாப்பிள்ளை வருகிற வியாழன்தான் வந்து இறங்கி, வெள்ளி அவளைப் பார்க்க வருவதாகப் பேச்சு. லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதே நான்தான்.

கூட்டம் முடிய, தன் வீட்டு ஒழுங்கை முகப்புக் கடைக்காரருக்கு அவள் தொலைபேசி எடுத்தாள். போன கிழமை ஒருவர் வந்து சோடா குடித்தாராம். இந்தப் பிள்ளைக்கு முன்பு எத்தனை சம்பந்தம் குழம்பியது, தகப்பனுக்குக் குடி இருக்கிறதா என்று கேட்டாராம். தன் பெயரும் சொல்லியிருக்கிறார்; அதே மாப்பிள்ளைதான். அவர் செய்தது ஒரு பக்கம். ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று அடித்துச் சொன்ன நான், ஒரு மனிதரையும் ஒரு பெண்ணையும் முப்பது பேர் முன்னால் திரையில் நிறுத்தியிருக்கிறேன். அவள் திரையையே பார்த்தபடி சொன்னாள்: "நாலு மாசமா ஒவ்வொரு நாளும் என்னோடை கதைக்கிறவர், அண்ணை. நேற்றும் கதைச்சவர், அங்கை சரியான குளிர் எண்டு."

திங்கட்கிழமை

அந்தப் பாதையை அன்றே அழித்தேன். தனி ஆளின் பாதையை இனி யாருக்கும் காட்டுவதில்லை என்று அதிகாரியோடு சண்டை பிடித்து எழுதி வாங்கினேன். வாசுகி சம்பந்தத்தை நிறுத்தியிருப்பாள் என்று நினைத்திருந்தேன். இல்லை, வெள்ளிக்கிழமை வரட்டும் என்றே விட்டிருக்கிறாள்.

திங்கள் வேலைக்கு வந்தவளிடம் மெல்லக் கேட்டேன். மாப்பிள்ளை பெரியம்மாவோடு வந்தாராம், "இப்பதான் வந்து இறங்கினனான், இன்னும் ஒரு இடமும் போகேல்லை" என்றாராம். இவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அவர் கிளாஸை வைத்த வேகத்தில் பெரியம்மாவும் எழும்பிவிட்டாவாம். "அப்பிடி என்ன பிள்ளை சொன்னாய்?" என்றேன். கணினியைத் திறந்துகொண்டே சொன்னாள்: "'சாவகச்சேரி, கோண்டாவில் எல்லாம் அலைஞ்சு களைச்சிருப்பியள், முதலிலை தண்ணியைக் குடியுங்கோ' எண்டன், அண்ணை. வேறை ஒண்டும் சொல்லேல்லை."

யாழ்ப்பாணத்தில் ஒருவரை அடையாளம் காணத் தேவையே இல்லாத ஒன்று அவருடைய பெயர்தான் என்பதை, அது நீக்கப்பட்டு வந்தால் போதும் என்று நம்பிச் சம்பளம் வாங்குகிற நான் கடைசியாகத்தான் தெரிந்துகொண்டேன்.