தறிக்குக் கிட்டப் போய்

மருதமுனையில் ஒரு நெசவுசாலைக்கு என்னை மனேஜராகப் போட்டார்கள். நான் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியிருந்தேன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. வாப்பா மாட்டுவண்டி ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடப் படிப்பை முடித்ததும் இல்லை, கதிரையில் இருந்து வேலை செய்ததும் இல்லை. முதலாளி எனக்கென்று ஒரு மேசையும் கதிரையும் போட்டுத் தந்தபோது, அந்தக் கதிரையில் இருந்தபடி ஆட்களைக் கூப்பிட்டுக் கதைப்பதுதான் இனி என் தொழில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் தறி ஓடும் இடத்தில் யாரையும் கூப்பிட ஏலாது. அத்தனை தறியும் ஒன்றாக அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் தும்மினாலும் கேட்காது. கையைத் தூக்கிக் காட்டி வரவழைத்தாலும் அவர் தறியை நிறுத்திவிட்டுத்தான் வரவேண்டும். நெய்த துணிக்குத்தான் கூலி. ஆகவே, அண்ணன் முறை வைத்து “காக்கா, கொஞ்சம் வாங்க” என்று நான் கூப்பிட்டால் மரியாதையாக வந்து நிற்பார்கள்; கண் மட்டும் தறியிலேயே இருக்கும். கேட்டதற்கெல்லாம் “ஓம்” என்பார்கள். அதை நல்ல பதில் என்று நம்பிக்கொண்டு சில மாதங்கள் ஓட்டினேன்.

பெருநாளுக்கு ஆண்கள் உடுக்கும் சாரன்களுக்கு வேலை மும்முரமாக நடந்த நேரம், நெசவாளர் ஒருவர் கூப்பிடாமலே என் மேசைக்கு வந்தார். அவரைச் சாய்ந்தமருதுக் காக்கா என்போம். சாய்ந்தமருதில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, எங்கள் ஊரில் கலியாணம் முடித்து, வழமைப்படி பெண்வீட்டோடு வந்து இருந்தவர். தறியை அவருக்குப் பழக்கியது மாமனார். மாமனாரின் தறி இவர் தறிக்குப் பக்கத்தில்; மச்சினனின் தறி அதற்கு அங்கால்.

“தம்பி, இந்தப் புதுப் பாவு நெஞ்சி முடிஞ்சா நான் வேலைய உட்டு நிக்கிறன். என்ட காக்காமார் கோமாரியில வாடி அடிக்கப் போறாங்க. தோணிக்கு ஆள் காணாதாம்.”

“என்ன நடந்த காக்கா?”

“ஒண்டுமில்ல.”

“இரிங்க, இருந்து கதைப்பம்.”

அவர் இருக்கவில்லை. “ஒண்டுமில்ல தம்பி” என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போய்த் தறியில் ஏறிவிட்டார். கோமாரிக் கடற்கரையில் வாடி என்னும் குடில் போட்டு மீன்பிடிக்கப் போனால் மாதக் கணக்கில் அங்கேதான். அவருடைய பிள்ளை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. ஒன்றுமில்லாமல் ஒரு மனிதர் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகமாட்டார் என்பது எனக்கும் விளங்கியது.

நீளவாட்டு நூலான பாவைப் புதிதாக ஏற்றினால், அச்சு என்னும் சீப்பின் பற்களுக்கிடையே ஒவ்வோர் இழையாகக் கோக்கவேண்டும். ஒருவர் பின்னால் இருந்து இழையைப் பிரித்துக் கொடுக்க, மற்றவர் முன்னால் இருந்து சின்னக் கொக்கியால் இழுத்தெடுப்பார். அவருக்கு வழக்கமாக இழை கொடுப்பது மச்சினன். அவன் நாவிதன்வெளிக்கு வெள்ளாமை வெட்டப் போயிருந்தான். நான் கொடுக்கிறேன் என்று போய் உட்கார்ந்தேன்.

“மனேஜர் இழை எடுத்துத் தாறதா? முதலாளி கண்டா என்ன செல்லுவார்?”

“கதிரைய உங்களுக்கு வித்துட்டன் எண்டு செல்லுங்க.”

சிரித்தார். அவருடைய தறி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்ததால் நான் அவர் சிரித்து அதிகம் கண்டதில்லை. எங்களுக்கு நடுவில் இழைகள் திரைபோலத் தொங்கின. அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கொக்கியும் விரலும்தான் வந்து வந்து போயின. முதலில் கடலைப் பற்றிக் கதைத்தோம். பிறகு பிள்ளையைப் பற்றி. பாதிப் பாவு கோத்திருப்போம். நான் ஒன்றும் கேட்காமலே அவர் தொடங்கினார்.

“வியாழக்கிழம முதலாளி துணியத் தூக்கிப் புடிப்பார் தானே தம்பி.”

அந்த வழக்கம் எனக்குத் தெரிந்ததுதான். வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு முதலாளி வந்து, தறியிலிருந்து அறுத்தெடுத்த துணிகளை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிழை கண்டால் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவார். ஏசமாட்டார். பகிடிதான் விடுவார். முந்திய கிழமை சாய்ந்தமருதுக் காக்காவின் துணியைத் தூக்கி, “இஞ்ச வாங்கடா எல்லாரும்! இந்த ஓட்டைக்குள்ளால கல்முனை பஸ்ஸே போகும். கொண்டக்டர் யாருடா?” என்றார். நெசவுசாலையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். பகிடி விட்டுப் பழகும் முதலாளி கிடைத்தது ஆட்களுக்கு நல்லதென்று நான் எண்ணியிருந்தேன். முதலாளியும் அப்படித்தான் எண்ணியிருந்தார்.

“பிழதான். நான் இல்லெண்டு செல்லல்ல. ஆனா மாமா பக்கத்துத் தறியில நிக்கார். ராவைக்கு அந்த ஊட்டுலதானே நான் சோறு தின்னணும்? மச்சினன் சோத்துச் சஹனுக்கு முன்னால இருந்துக்கிட்டு, ‘என்ன மச்சான், பஸ் வந்திட்டா?’ எண்டு கேக்கான். பெஞ்சாதி தலையக் குனிஞ்சிக்கிட்டு ஆணம் ஊத்துறா. மாமா ஒண்டும் கதைக்கல்ல. அவர் ஏசினாலும் பரவால்ல தம்பி. கதைக்கல்ல.”

எனக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. பெண்வீட்டில் இருக்கும் ஆணுக்கு அந்தச் சோற்றின் கனம் எவ்வளவென்று நான் யோசித்ததே இல்லை. கையில் இருந்த இழையைக் கொடுக்கவும் மறந்து இருந்தேன்.

“என்ட பேர முதலாளிக்கிட்ட எடுத்திராதீங்க. எடுத்தா நாளைக்கே போயிருவன்.”

எடுக்கமாட்டேன் என்றேன்.

மறுநாள் கல்முனைக் கடைத்தெருவில் இருந்த முதலாளியின் கடைக்குப் போனேன். சொல்லவேண்டியதைச் சைக்கிளில் வரும்போதே பாடமாக்கியிருந்தேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அதைப் பார்க்காமல், “முதலாளி, தொழிலாளரின் மனநிலையை நாம் கவனிக்கவேண்டும்” என்று தொடங்கிவிட்டேன்.

“கேட்டீங்களா! எஸ்.எஸ்.சி. படிச்ச புள்ள நமக்கு மனநில படிச்சித் தருது. டேய், ஒரு பிளேன்டி கொண்டா, வாத்தியார் களைச்சிப் போயிட்டார்!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். பாதி வழியில்தான், நான் எதற்குச் சிரித்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை, அதுதான் காரணம்.

பின்னேரங்களில் முதலாளி கடற்கரை மணலில் தனியாகக் கொஞ்ச நேரம் இருப்பார். அடுத்த நாள் அங்கே போனேன்.

“என்ன மனே, இன்னும் பாடம் இரிக்கா?”

“இல்ல முதலாளி. முந்தாநாத்து கடையில நீங்க பகிடி விட்டீங்க. நானும் சிரிச்சன். ஊட்ட போனா சோறு எறங்கல்ல.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “முந்தாநாத்தா? நேத்துத்தானே கடைக்கு வந்த?”

“ஓம், நேத்து. எனக்கு அவ்வளவு நேரம் போலக் கிடந்த.”

அவர் சிரிக்கத் தொடங்கி, இடையில் நிறுத்திக்கொண்டார். “நான் சும்மா பகிடிக்கித்தானே...”

“தெரியும். தறியில இரிக்கிற ஆக்களுக்கும் அப்படித்தான் முதலாளி. மாமன், மச்சினன் எல்லாம் பக்கத்துல நிக்காங்க.”

யார் என்று கேட்பார் எனப் பயந்தேன். கேட்கவில்லை. மணலை அள்ளி விரலிடையால் விட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப பிழைய நான் செல்லாம உடுறதா? சாரன வாங்குறவன் நம்மளச் சும்மா உடுவானா?”

“செல்லுங்க. அவரவர்ர தறிக்குப் போய்ச் செல்லுங்க.”

“அந்தச் சத்தத்துல என்னடா கேக்கும்?”

“கிட்டப் போனா கேக்கும்.”

அவர் கையில் ஒட்டிய மணலைத் தட்டினார். மஃரிபுக்கு நேரமாகிவிட்டதென்று எழும்பிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை வந்தார். சாரன் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கினார். அவர் கை ஓரிடத்தில் நின்றது. பகிடியை எதிர்பார்த்துத் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. முதலாளி துணியை மடித்தார். “என்னடா பாக்கீங்க? அடிங்க, அடிங்க!” என்றார். சத்தம் திரும்ப எழுந்த பிறகு ஒரு தறிக்குப் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். அது சாய்ந்தமருதுக் காக்காவின் தறி அல்ல, ஒரு கிழவரின் தறி. என்ன சொன்னார் என்று என் மேசைக்குக் கேட்கவில்லை. பக்கத்துத் தறிக்கும் கேட்டிருக்காது.

முதலாளி ஒரே நாளில் மாறிவிட்டார் என்று எழுதினால் பொய். பிறகும் ஒருமுறை “இந்தக் கல்முனை...” என்று தொடங்கிவிட்டு, என்னைக் கண்டு இருமினார். நானும் கதிரையை விற்றுவிடவில்லை. ஆனால் பாவு கோக்கும் நாட்களில் யாருக்காவது துணை இல்லையென்றால் போய் இழை கொடுப்பேன். ஆட்கள் “ஓம்” என்பதை விட்டு “இல்ல தம்பி” என்று சொல்லத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பெருநாள் முடிந்தது. சாய்ந்தமருதுக் காக்காவின் தோணிக்காரச் சகோதரர்கள் கோமாரிக்குப் புறப்பட்ட கிழமை நான் தினமும் அந்தத் தறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போகிறாரா இல்லையா என்று வாயைத் திறந்து கேட்கத் தைரியம் வரவில்லை. ஒரு நாள் லுஹருக்கு முன் அவர் தறி நின்றது. கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார். எழும்பிப் போனேன்.

“இஞ்ச பாருங்க தம்பி, ஒரு பிழ உட்டுட்டன். இழ அறுந்தத காணாம ஒரு சாண் நெஞ்சிட்டன். முதலாளி வந்தா இஞ்ச அனுப்புங்க, நானே காட்டுறன்.”

பக்கத்துத் தறியும் நின்றது. மாமனார் இறங்கி வந்து, மருமகனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“இழையில பிழ இல்ல மருமகன். அச்சுல ஒரு பல்லு வளைஞ்சி கிடக்கு, அதுதான் அறுக்குது. கொஞ்சம் தள்ளுங்க, நான் நிமித்தித் தாறன்.”

இருவரும் ஒரே தறிக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை.